கிருஷ்ணகிரி வெயிலில் ஏவி ரிசீவர்: வைத்திருப்பவர்கள் சொல்வது

டிவி, ப்ளேயர் எல்லாவற்றிலிருந்தும் சத்தத்தை வாங்கிப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டிதான் ஏவி ரிசீவர். இந்த ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கப்போகிறவர்கள் யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "யார்கிட்ட விசாரிச்சீங்க? அவங்க வாங்கி எத்தனை கோடை ஆச்சு?" பெரும்பாலும், "போன மாசம்தான் வாங்கினாரு, சூப்பரா இருக்குன்னு சொன்னாருங்க" என்று பதில் வரும். முதல் மாதத்தில் எந்த ரிசீவரும் சூப்பராகத்தான் இருக்கும். டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிய காதுக்கு நாலாபக்கமும் சத்தம் வந்தால் அதிசயமாக இருக்காதா? அந்த அதிசயம் அடங்கி, ஏப்ரல், மே வெயிலையும் கோடை இடிமழையையும் மின்வெட்டையும் பார்த்த பிறகு அதே ஆள் என்ன சொல்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டும். ஏசி அறையில், ஆடாத கரண்டில் ஓடுகிற பெட்டியைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவது நமக்குப் பாதிதான் பொருந்தும்.

நான் மாங்கூழ் ஆலையில் மின்பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வீடு கிருஷ்ணகிரி டவுனை ஒட்டி. 2018-ல் ஒரு 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர்) வாங்கினேன், இன்றும் அதுதான் ஓடுகிறது. ஒயரிங் தெரிந்தவன் என்பதால் நண்பர்கள், சொந்தக்காரர்கள் வீட்டில் செட் இறங்கினால் இணைத்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஓசூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கமெல்லாம் யார் வீட்டில் எந்தப் பெட்டி எப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் சத்தம். "இந்தக் கம்பெனி செட்டுல பாஸ் நல்லா இருக்கும், அந்தக் கம்பெனி செட்டுல குரல் நல்லா இருக்கும்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரே விலைக்குள் இருக்கும் ரிசீவர்களுக்கு நடுவே வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வித்தியாசத்தைவிட நம் வீட்டு ஹால் செய்கிற வித்தியாசம் பல மடங்கு பெரிது. எங்கள் மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. தரை கிரானைட், படிக்கட்டு கிரானைட், வசதி இருந்தால் டிவி மாட்டும் சுவரிலும் பாதி உயரத்துக்குக் கிரானைட். மேலே கான்கிரீட். இதில் சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே கிடையாது. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். "டப்" என்று நின்றுவிட்டால் நல்ல ஹால். "டப்ர்ர்ர்" என்று வால் நீண்டால் எத்தனை லட்சம் ரூபாய் ரிசீவர் வைத்தாலும் வசனம் கரகரவென்றுதான் கேட்கும்.

என் ஹாலிலும் வால் இருந்தது. கனமான திரைச்சீலை, தரையில் பவானி ஜமக்காளம், பின்சுவரை ஒட்டி ஒரு பஞ்சு மெத்தை வைத்த திண்ணை, புத்தகம் அடுக்கிய திறந்த அலமாரி. இவை வந்த பிறகு குரல் தெளிந்தது. ரிசீவரில் ஒரு பட்டனையும் தொடவில்லை.

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் என் நண்பனின் கதை இதைவிடத் தெளிவானது. மொட்டைமாடியில் படம் பார்க்கவென்றே தனி அறை கட்டினான். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் பத்தடி. வாங்கிய ரிசீவர் நல்ல ரிசீவர், சப்வூஃபரும் நல்லதுதான். ஆனாலும் படம் ஓடும்போது குடத்துக்குள் தலையை விட்ட மாதிரி ஒரே முழக்கம். கடைக்காரரிடம் போய் செட்டை மாற்றித் தரச்சொல்லிச் சண்டை போடும் நிலைக்கு வந்துவிட்டான்.

பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர். காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு சுவருக்கு நடுவே அலை நின்று அதிரும் முதல் அதிர்வெண்ணைக் கணக்குப் போட்டால் நொடிக்கு 56 அதிர்வு, அதாவது 56 ஹெர்ட்ஸ் வருகிறது. இடி சத்தம் இறங்குகிற இடம் அதுதான். நீளம் வேறு, அகலம் வேறு, உயரம் வேறு என்று இருந்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் அதிரும். என் ஹால் 14-க்கு 12 அடி. அதில் ஒன்று 40 ஹெர்ட்ஸ் பக்கம், இன்னொன்று 47 ஹெர்ட்ஸ் பக்கம் என்று பிரிந்துவிடுகிறது. அவனுடைய அறையிலோ மூன்றும் ஒரே எண்ணில் வந்து குவிகின்றன. நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த பாஸ் காணாமல் போகும், சுவரோரம் சாய்ந்தால் நெஞ்சை அடைக்கும்.

சுவரை இடிக்கவா முடியும்? மூலையில் இருந்த சப்வூஃபரை வெளியே எடுத்தோம். அவன் உட்காரும் இடத்தில் அதை வைத்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நான் சுவரோரமாகத் தவழ்ந்து தவழ்ந்து எங்கே பாஸ் சீராகக் கேட்கிறது என்று பார்த்தேன். முன்சுவரில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஓர் இடம் அகப்பட்டது. சப்வூஃபரை அங்கே வைத்து, இருக்கையை நடுவிலிருந்து கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பின்சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைத் துணி போட்டு நிறுத்தினோம். இப்போது அவனிடம் அந்த ரிசீவரைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் புகழ்வான். பெட்டி அதே பெட்டிதான். அதனால் ஒருவர் "சத்தம் சரியில்லை" என்றால் நான் அறையின் அளவைக் கேட்காமல் அதை எடுத்துக்கொள்வதில்லை.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் கொடுப்பார்களே, அதைப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள்தான் அதிகம். டெனான், மராண்ட்ஸ் செட்டுகளில் ஆடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ, சோனியில் டிசிஏசி என்று பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்பீக்கரும் நம்மிடமிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம், அறை எங்கே முழங்குகிறது என்று அளந்து திருத்திக்கொள்ளும். தயவுசெய்து செய்யுங்கள். மைக்கை சோஃபா மெத்தையில் படுக்கவைக்காமல், கேமரா ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள். ஃபேனை அணைத்துவிட்டு, விடியற்காலையில் செய்வது நல்லது. ஆடி மாதத்தில் முயலவே வேண்டாம், மாரியம்மன் கோயில் மைக் செட்டையும் சேர்த்து அது அளந்துவிடும்.

அளந்து முடித்த பிறகு ஒரு இடத்தை மட்டும் கையால் சரிபாருங்கள். பல செட்டுகள் முன் ஸ்பீக்கர்களை "லார்ஜ்" என்று முடிவு செய்துவிடும். புத்தக அலமாரியில் வைக்கிற அளவு ஸ்பீக்கர் என்றால் அதை "ஸ்மால்" என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது சத்தத்தைப் பிரிக்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தனி கரண்டில் ஓடும் சப்வூஃபருக்குப் போய்விடும். ரிசீவரின் சுமை குறையும், சூடும் குறையும்.

என் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். ரிசீவர் வந்ததில் எனக்கு இருக்கும் பெரிய சந்தோஷம் அம்மா விஷயத்தில்தான். 5.1 படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். அந்த ஒன்றை மட்டும் மூன்று டெசிபல் ஏற்றிவைத்தேன். அதோடு, டிவிக்குக் கீழே படுத்திருந்த நடு ஸ்பீக்கரின் முன்காலில் ரப்பர் துண்டு கொடுத்து முகத்தைக் காது பக்கம் நிமிர்த்தினேன். அம்மா விரும்பிப் பார்ப்பது கறுப்பு வெள்ளைப் படங்கள். அதில் ஒரே தடம்தான், மோனோ. அதை டால்பி சரவுண்ட் அல்லது ப்ரோலாஜிக் முறையில் ஓடவிட்டால் இடது வலது இரண்டிலும் ஒரேபோல இருக்கும் சத்தத்தை ரிசீவர் நடு ஸ்பீக்கருக்குத் திரட்டிக்கொடுத்துவிடும். பாட்டும் வசனமும் டிவியின் நடுவிலிருந்து சுத்தமாக வரும். "இப்பதான்டா அவன் பேசறது புரியுது" என்றார். அதுவரை எல்லாருடைய வாயையும் பார்த்துக் கதையை யூகித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாட்டு வந்தா காது கிழியுது, பேச்சு வந்தா ஒண்ணும் கேக்கல" என்ற புகார் ஓசூரில் மோட்டார் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் என் சகலையிடமிருந்தும் வந்தது. அடுக்குமாடி வீடு, கைக்குழந்தை, இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து நள்ளிரவில்தான் படம் பார்ப்பார். அவருக்குத் தேவைப்பட்டது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் வசதி. யமஹாவில் அடாப்டிவ் டிஆர்சி, டெனானில் டைனமிக் வால்யூம், சிலதில் நைட் மோட். போட்டதும் வெடிச்சத்தம் அடங்கி, முணுமுணுப்பு மேலே வந்தது. தியேட்டர் அனுபவம் குறையும் என்று சத்தத்தில் சுத்தம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். குழந்தை தூங்குகிற வீட்டில் அதுதான் சரி என்பது என் கருத்து. சீசன் நாட்களில் ஆலையிலிருந்து ராத்திரி தாமதமாக வரும்போது நானும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு புகார், "5.1 வாங்கியும் ரெண்டு ஸ்பீக்கர்லதான் சத்தம் வருது." முக்கால்வாசி நேரம் ரிசீவரில் கோளாறே இருக்காது. டிவியின் சவுண்ட் மெனுவில் "பிசிஎம்" என்று இருக்கும், அப்போது டிவி சத்தத்தை இரண்டு தடமாகச் சுருக்கித்தான் பெரும்பாலும் அனுப்பும். அதை "பாஸ்த்ரூ" அல்லது "பிட்ஸ்ட்ரீம்" என்று மாற்ற வேண்டும். படத்தையும் சத்தத்தையும் கடத்தும் எச்டிஎம்ஐ கேபிளும், டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையில்தான் இருக்க வேண்டும், பக்கத்து ஓட்டையில் அல்ல. படம் காட்டும் ஆப்கள் 5.1 சத்தத்தைப் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவில்தான் அனுப்பும். அது ஏஆர்சி வழியே போகும், ஆப்டிகல் (ஒளி வழியே சத்தம் கடத்தும் கேபிள்) வழியே போகாது. டிவி அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றிக்கொடுத்தால்தான் ஆப்டிகலில் 5.1 கிடைக்கும். ப்ளூரேயில் இருக்கும் ட்ரூஎச்டி (தரம் குறைக்காத டால்பி சத்தம்) முழுதாக வேண்டுமென்றால் டிவி, ரிசீவர் இரண்டிலும் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருக்க வேண்டும், இல்லையென்றால் ப்ளேயரை நேராக ரிசீவரிலேயே சொருகிவிடலாம்.

வாட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. டேப்ரெக்கார்டர் காலத்தில் பெட்டி மேல் பிஎம்பிஓ 1200 வாட்ஸ் என்று ஒட்டியிருப்பார்களே, அந்த மயக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. ஒரு கம்பெனி 145 வாட்ஸ் என்று போட்டிருக்கும், இன்னொரு கம்பெனி 70 வாட்ஸ் என்று போட்டிருக்கும். சின்ன எழுத்தைப் படித்தால் முதலாவது ஒரே ஒரு அதிர்வெண்ணில், 1 கிலோஹெர்ட்ஸில், ஒரு சதவீதத்தை ஒட்டிய சிதைவோடு அளந்தது. இரண்டாவது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதில் பத்தில் ஒரு பங்கு சிதைவுக்குள் அளந்தது. இரண்டும் கிட்டத்தட்ட சம பலம்தான். ஐந்து சேனலையும் சேர்த்து ஓட்டினால் இரண்டுமே அட்டையில் இருப்பதைக் கொடுக்காது. கொடுக்கவும் தேவையில்லை. 88 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் சத்தம் தரும். ஹாலில் அதுவே கணிசமான சத்தம். சத்தம் மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும், காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வேண்டும். ஆகவே 70-க்கும் 90-க்கும் நடுவே கூடுதல் பணம் கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் நல்ல நடு ஸ்பீக்கர் வாங்கலாம்.

இனி நம்பகம். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

என் ரிசீவரில் ஐந்தாவது வருடத்தில் எச்டிஎம்ஐ போர்டு தகராறு செய்தது. போட்டவுடன் படம் நன்றாக வரும். அரை மணி நேரம் போனால் மினுக்கும், பிறகு கறுத்துவிடும். அணைத்து ஆறவிட்டால் மறுபடி வரும். அந்த நேரத்திலும் ப்ளூடூத் பாடும், எஃப்எம் பாடும், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பகுதி கல்லுமாதிரி இருந்தது. நான் விசாரித்த வரையில் கம்பெனி எதுவானாலும் பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் நோய் இதுதான். ஆம்ப் சாகாது, எச்டிஎம்ஐ சாகும். காரணம் லேசில் புரியும். இந்த ரிசீவர்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் எடுக்கும் கரண்டில் பெரும்பங்கு சூடாகத்தான் வெளியேறுகிறது. அந்தச் சூட்டுக்கு மேலேயோ பக்கத்திலேயோ எச்டிஎம்ஐ போர்டு இருக்கும். அதற்கே சொந்தச் சூடு வேறு. போர்டில் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். வெளியே நாற்பது டிகிரியை நெருங்கும் மே மாதத்தில், மூடிய டிவி அலமாரிக்குள், அந்தப் பெட்டிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாரண்டி முடிந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, அந்த மாடலுக்குப் போர்டு கையிருப்பில் இல்லை, வரவழைத்தால் புதுச் செட்டின் விலையில் பாதி ஆகும் என்றார்கள். அங்கிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தான், ஆனால் எட்டு கிலோ பெட்டியோடு பஸ்ஸில் போவது லேசான காரியமில்லை. அவர் மூடியைக் கழற்றி, செட்டை ஓடவிட்டு, ஹேர் ட்ரையரால் போர்டின் ஒவ்வொரு மூலையாகச் சூடேற்றிக்கொண்டே வந்தார். ஓர் இடத்துக்கு வந்ததும் படம் செத்தது. மிளகு அளவு ஒரு ரெகுலேட்டர் ஐசி. சூடானதும் 3.3 வோல்ட் இறங்கிப்போகிறது என்று மீட்டரில் காட்டினார். அதையும் சுற்றியிருந்த கெப்பாசிட்டர்களையும் மாற்றினார். மூவாயிரத்துக்குள் முடிந்தது. அன்றிலிருந்து தொந்தரவு இல்லை. பல கம்பெனி ஆட்கள் போர்டையே மாற்றத்தான் சொல்கிறார்கள். உறுப்பு மட்டத்தில் இறங்கிப் பார்க்கும் இப்படிப்பட்ட ஆட்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது எந்த வாரண்டிக்கும் குறைந்ததல்ல.

அதற்குப் பிறகு நான் மாற்றிய சிலவற்றை எல்லாரிடமும் சொல்கிறேன். அலமாரிக்குள்ளிருந்து ரிசீவரை மேல்தட்டுக்கு எடுத்தாயிற்று. மேலே ஒரு சாண் இடம் திறந்தே இருக்கும், அதன்மேல் செட்டாப் பாக்ஸ் வைக்கக்கூடாது. மூடி ஓட்டைகளின் மேல் பூவேலை செய்த துணி விரிப்பதும் கூடாது, இது வீட்டில் அழகுக்காகச் செய்வது, அன்போடுதான் தடுக்க வேண்டும். எச்டிஎம்ஐ ஸ்டாண்ட்பை பாஸ்த்ரூ என்று ஒரு வசதி இருக்கும். ரிசீவர் அணைந்திருக்கும்போதும் படத்தை டிவிக்குக் கடத்துவது. அதை ஆஃப் செய்துவிட்டேன், இல்லையென்றால் போர்டு நாள் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும்.

அடுத்தது கரண்ட். என் தொழில் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ரிசீவரை ஸ்டெபிலைசரில் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த வோல்டேஜுக்கு அது உதவும். நம் கிராமத்துப் பக்கம் செட்டுகளைக் கொல்வது பெரும்பாலும் நியூட்ரல் அறுவது. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால் சுமை அதிகமுள்ள வீட்டில் வோல்டேஜ் இறங்கும், சுமை குறைந்த வீட்டில் 300-ஐத் தாண்டும், மோசமான நேரத்தில் 400-ஐக்கூட நெருங்கும். அரூர் பக்கம் ஆசிரியராக இருக்கும் நண்பர் வீட்டில் அப்படி ஒருநாள் டிவி, ரிசீவர், ஃப்ரிட்ஜ், மூன்று எல்இடி பல்பு எல்லாம் ஒரே நிமிடத்தில் போயின. அவருடைய ரிசீவரைப் பற்றி அவர் அதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. அதற்கு வழி, மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ரிலே ஒன்று போடுவது. 270 வோல்ட்டைத் தாண்டினால் வீட்டையே அறுத்துவிடும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் சில நிமிடம் பொறுத்து, லைன் நிலைத்த பிறகுதான் சேர்க்கும். ரிசீவரின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

இன்வெர்ட்டரில் ரிசீவரை ஓட்டுபவர்கள், "கரண்ட் போனா பெட்டிக்குள்ள ஒரு உறுமல் வருது" என்பார்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். உள்ளே இருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்த அலை ஒத்துக்காது. ப்யூர் சைன் வேவ் இருந்தால் உறுமல் வராது.

இடிக்கு வருகிறேன். மாங்காய் சீசனில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வானம் கறுத்தால் எங்கள் ஊரில் முதலில் பிளக்கைப் பிடுங்குவோம். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மொட்டைமாடியில் நிற்கும் டிடிஎச் தட்டிலிருந்து கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு வருகிறது, அங்கிருந்து எச்டிஎம்ஐ ரிசீவருக்குப் போகிறது. பிளக் வெளியே இருந்தாலும் மின்னல் இந்த வழியாக உள்ளே வரும். செட்டாப் பாக்ஸின் பின்னாலிருக்கும் அந்தத் திருகு கேபிளையும் கழற்றிவிட வேண்டும். போர்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டால் நல்லது, ஆனால் எர்த் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். கோடையில் காய்ந்துபோன எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

புதுச் செட் வாங்கியவர்கள் பயந்துபோய் எனக்குப் போன் செய்யும் ஒன்று இருக்கிறது. ஆன் செய்தால் "டிக்" என்று ரிலே சத்தம், உடனே அணைந்துவிடும், சிவப்பு விளக்கு மினுக்கும். செட் போய்விட்டது என்று நினைப்பார்கள். அது ப்ரொடெக்ஷன், செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழை பிரிந்து சிவப்பு முனையிலிருந்து கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தலைமுடி அளவு. ஒயரை முறுக்கிச் சரியாகச் சொருகினால், அல்லது பனானா பிளக் போட்டால், தீர்ந்தது. அதன் பிறகும் அணைந்தால் நாலு ஓம் ஸ்பீக்கரை ஆறு ஓமுக்குக் குறையக்கூடாது என்ற செட்டில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எறும்பும் பல்லியும் பற்றி எந்தக் கையேட்டிலும் எழுத மாட்டார்கள். மழைக்காலத்தில் வெதுவெதுப்பான பெட்டி என்றால் எறும்புக்குக் கொண்டாட்டம், முட்டையோடு குடியேறிவிடும். ஒரு சொந்தக்காரர் வீட்டு ரிசீவரைத் திறந்தபோது பவர் சப்ளை போர்டின் மேல் பல்லி ஒன்று கருகி ஒட்டிக்கிடந்தது. அது ஃப்யூஸையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அலமாரிக் கால்களைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் கோடு, வருடத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டு ஓட்டைகளில் ப்ளோயர் காற்று. குவாரி ரோட்டோரம் வீடு இருப்பவர்கள் இன்னும் அடிக்கடி செய்யுங்கள், கல் தூசி உள்ளே படிந்தால் சூடு வெளியேற வழியிருக்காது.

பென்னாகரத்தில் மைக் செட் வைத்திருக்கும் என் மாமாவின் கருத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நியாயமாக இருக்காது. திருவிழா, பாரதக் கூத்து, கல்யாணம் என்று அந்தப் பக்கம் அவர் செட்டு கட்டாத ஊர் குறைவு. வீட்டில் அவரே கட்டிய 5.1. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், 5200, 1943 ஜோடி டிரான்சிஸ்டர்கள், ஒரு டிகோடர் போர்டு, அலுமினியப் பெட்டி. பல வருடமாக ஓடுகிறது. டிரான்சிஸ்டர் போனால் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுவார், உதிரி தருமபுரியிலேயே கிடைக்கும். என் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "உன் பெட்டி ரொம்ப சுத்தமா பேசுது மாப்ள, பின்னாடி காத்து அடிக்கிறதுகூட தெரியுது. ஆனா கெட்டுப்போனா கை வைக்க எடமில்லையே. எல்லாத்தையும் ஒரே பலகையில ஒட்டி வச்சிருக்கான்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. அவருடைய செட்டில் அறையை அளக்கும் வசதி இல்லை, குறைந்த சத்தத்தில் லேசான ஹம் இருக்கும், நடு ஸ்பீக்கரை மட்டும் நுணுக்கமாகத் திருத்த வழியில்லை. அம்மாவுக்கு அது உதவாது. ஆனால் உழைப்பும் பழுதுபார்க்கும் சுலபமும் என்று வந்தால் கம்பெனி ரிசீவர் எதுவும் அவர் பெட்டியின் பக்கத்தில் நிற்காது. பாட்டு கேட்கத்தான், அதுவும் பெரிய சத்தத்தில் கேட்கத்தான் ஆசை என்றால் நல்ல கை தேர்ந்த ஆள் கட்டிய செட்டே போதும் என்று தயங்காமல் சொல்வேன். படம், வசனம், வயதானவர்கள், இரவு நேரம் என்றால் கம்பெனி ரிசீவர்.

வாங்கும்போது கடையில் நான் கேட்கச்சொல்வது சத்தத்தைப் பற்றி இல்லை. இந்த மாடலுக்கு சர்வீஸ் எங்கே, சேலத்திலா பெங்களூரிலா? வீட்டுக்கு வருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா? இந்திய வாரண்டி உள்ள பில் தருவார்களா? வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த செட் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு இங்கே வாரண்டி இருக்காது, 110 வோல்ட் செட்டாகவும் இருந்துவிடலாம், பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் போட்டுவையுங்கள், சர்வீஸுக்குப் பார்சலில் அனுப்ப நேர்ந்தால் அது இல்லாமல் அனுப்புவது ஆபத்து. பழைய செட் வாங்குபவர்கள் எச்டிஎம்ஐயில் ஒரு முழுப் படத்தை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பத்து நிமிடம் பார்த்தால் என் செட்டில் வந்த நோய் கண்ணில் படாது.

என் செட்டில் 4கே படம் போகும், அட்மாஸ் கிடையாது. தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பியின் வசதி அது, தியேட்டருக்கு 2012-லும் வீட்டுக்கு 2014-லும் வந்தது. அதைச் சரியாகக் கேட்க மேலே ஸ்பீக்கர் மாட்டுவதுதான் நல்லது. பத்தடி உயரக் கான்கிரீட் தளத்தில் ஒயர் கொண்டுபோகச் சுவரை வெட்ட வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பேசிப் பார்க்க வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, அரூர் பக்கம் 2020-க்கு முன்னால் வாங்கிய ரிசீவரை இன்றும் ஓட்டுபவர்கள் இருந்தால் எழுதுங்கள். எந்த மாடல், அலமாரிக்குள்ளா வெளியிலா, எச்டிஎம்ஐ இன்னும் உயிரோடு இருக்கிறதா, யாரிடம் பழுதுபார்த்தீர்கள் என்ற நாலு விவரம் போதும். பாலக்கோட்டு நண்பன் தன் தம்பி வீட்டுக்கு இந்தத் தீபாவளிக்குள் ஒன்று வாங்கவேண்டும் என்கிறான், அந்த ஹால் 20-க்கு 16 அடி, நல்ல வேளையாக மரக்கூரை.